பியரா, ஓவலா, ரவுண்டா? நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் எடுக்கும் முன்

கேள்வி: எனக்கு மன்னார்குடியில் வங்கி வேலை. தை கடைசியில் நிச்சயதார்த்தம், மோதிரம் மாற்றுகிறோம். பெண் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அரை கேரட் அளவில் இயற்கை வைரம் வைத்து ஒற்றைக்கல் மோதிரம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். அவர் தனக்குப் பிடித்தது என்று அனுப்பிய படத்தில் இருப்பது பியர் ஷேப், ஒரு முனை கூரான துளி வடிவம். "கூர்முனை வேண்டாம், என் தோட்டுக்கல் மாதிரி உருண்டையா எடு" என்கிறார் அம்மா. சதுரமான பிரின்சஸ்தான் அழகு என்கிறாள் அக்கா. கல்லில் கரும்புள்ளி இருந்தால் வீட்டு வாசலே ஏறக்கூடாது என்பது அப்பாயி கட்டளை. கும்பகோணத்தில் இரண்டு கடை ஏறி இறங்கியும் குழப்பம்தான் மிச்சம். எதை எடுக்க?

பதில்: தம்பி, வடிவத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லும் இந்தக் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "ஸ்டாஃப் நர்ஸ்" என்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனையோ முறை கிளவுஸ் மாட்டிக் கழற்றும் கை அது. கல்லைப் பிடித்து எழும்பி நிற்கும் கொக்கியும் கூரான முனையும் கிளவுஸைக் கிழிக்கும். சானிடைசரும் சோப்பும் கல்லுக்கு அடியில் போய்த் தங்கும். ஆகவே கடைக்குப் போகும் முன் அவரிடமே கேளுங்கள்: வார்டில் மோதிரம் போட அனுமதி உண்டா? ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் போன்ற இடங்களில் பெரும்பாலும் விடமாட்டார்கள். பணியில் போடவே மாட்டார் என்றால் எந்த வடிவமும் எடுக்கலாம், கவலை பாதி குறைந்தது. போடுவார் என்றால் வடிவத்தையும் கல்லைக் கட்டும் முறையையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பத்தரிடம் விட்டால்தான் கோளாறு ஆரம்பிக்கும்.

அவர் அனுப்பிய படத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம். இணையத்தில் சுற்றும் பியர் மோதிரப் படங்களில் கல் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கேரட் இருக்கும், சுற்றிலும் பொடிக்கல் வரிசையும் இருக்கும். உங்கள் அரை கேரட் கல்லை அதே மாதிரி கட்டினாலும் அந்தத் தோற்றம் வராது. அவருக்குப் பிடித்தது துளி வடிவமா, சுற்றுக்கல்லா, மெல்லிய வளையமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படத்தைக் காட்டி "இதேதான்" என்று ஆர்டர் கொடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி வடிவங்கள். அம்மா சொல்லும் ரவுண்ட் சும்மா பழக்கத்தால் வந்த தேர்வு இல்லை. 57 பட்டை, அடிமுனையைத் தட்டையாக்கினால் 58. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி மின்னும். இன்னொரு பெரிய வசதி, ஜி.ஐ.ஏ. என்ற வைரப் பரிசோதனை நிறுவனம் தரும் சான்றிதழில் 'கட்' என்ற தரமே ரவுண்ட் பிரில்லியன்ட்டுக்கு மட்டும்தான் கொடுக்கப்படுகிறது. எக்ஸலன்ட் என்று அச்சாகியிருந்தால் பட்டை ஒழுங்காகத் தீட்டப்பட்ட கல் என்று நம்பி எடுக்கலாம். ஓவல், பியர், பிரின்சஸ், இரு முனையும் கூரான மார்கீஸ் எதற்கும் அங்கே அந்த வரி இருக்காது. பாலிஷ், சிமெட்ரி என்ற இரண்டு வரியைக் காட்டி "எல்லாமே எக்ஸலன்ட் சார்" என்பார்கள். அது மேற்பரப்பின் மெருகையும் பட்டைகள் ஒன்றுக்கொன்று சரியாக அமைந்ததையும் சொல்வது. கல் ஒளியை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சொல்லாது. ஆக ரவுண்ட் தவிர மற்றதெல்லாம் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டிய கல். நேரில் பார்க்க வழியில்லாமல் ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் அம்மா பேச்சைக் கேட்டு ரவுண்டே எடுங்கள்.

விலையில் ரவுண்ட் கூடுதல்தான். பட்டை தீட்டும்போது மூலக்கல்லில் ஏறத்தாழ பாதிக்கு மேல் பொடியாகப் போய்விடும், கிராக்கியும் அதிகம். அதே எடை, அதே தரத்தில் ஓவலும் பியரும் பொதுவாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் திருப்பிக் கொடுக்கப் போனால் நம் ஊர்க் கடைகளில் ரவுண்டுக்கு இருக்கும் மரியாதை வேறு. பியரை, மார்கீஸைத் திரும்ப எடுக்க யோசிப்பார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு எத்தனை சதவீதம், பணமாகத் திருப்பினால் எத்தனை என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

அக்கா சொல்லும் பிரின்சஸ் இந்தக் கைக்கு ஒத்துவராது. காரணம் அதன் நான்கு மூலை. வைரத்தில் கீறல் விழாது என்பதால் அது உடையவும் உடையாது என்று பலர் நினைக்கிறார்கள். வைரத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத் தளம் உண்டு. அந்தத் திசையில் அடி பட்டால் சில்லுத் தெறிக்கும். கட்டில் கம்பியிலோ ஸ்டீல் டிரேயிலோ மூலை ஒருமுறை இடித்தால் போதும். நான்கு மூலையையும் கொக்கியால் மூடிக் காப்பாற்றலாம், ஆனால் அந்தக் கொக்கி நான்கும் கிளவுஸுக்கு எமன். தவிர எடைக்கு ஏற்ற அகலமும் காட்டாது: ஒரு கேரட் ரவுண்ட் சுமார் 6.5 மி.மீ. விட்டம் வரும், ஒரு கேரட் பிரின்சஸ் சுமார் 5.5 மி.மீ. சதுரம்தான். எமரால்ட் கட் உங்கள் பட்டியலில் இல்லை, நல்லதுதான். படிப்படியாகத் தீட்டிய அகலப் பட்டை ஜன்னல் மாதிரி உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும், அப்பாயிக்கு வேலை வைக்கும்.

மிச்சம் பியரும் ஓவலும். இரண்டுமே நீளவாக்கான கல், விரலை நீளமாகக் காட்டும், அதே எடை ரவுண்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் தெரியும். உதாரணத்துக்கு 47 செண்ட் எடுத்துக்கொள்வோம் (நூறு செண்ட் ஒரு கேரட்). ரவுண்ட் என்றால் விட்டம் ஏறத்தாழ 5 மி.மீ. நன்றாகத் தீட்டிய ஓவல் 6.2 × 4.4 மி.மீ., ஆழம் 2.7 மி.மீ. வரும். அதே 47 செண்ட்டில் 5.7 × 4.1 மி.மீ., ஆழம் 3.15 மி.மீ. என்றும் ஒரு ஓவல் வரும். எடையை அடிவயிற்றில் ஒளித்து வைத்த கல் அது. தராசில் இரண்டும் ஒன்று, விரலில் இரண்டாவது கல் ஏழில் ஒரு பங்கு சின்னதாகத் தெரியும். சான்றிதழில் மூன்று அளவும் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும், ஆழத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். ஓவலுக்கு 58 முதல் 63 சதவீதம் நல்ல எல்லை. முதல் கல் 61, இரண்டாவது 77. "கேரட் ஒண்ணுதானே சார், விலை மட்டும் கம்மி" என்று நீட்டப்படும் கல் பலமுறை இந்த இரண்டாவது ரகம்.

அதேபோல நீளத்தை அகலத்தால் வகுத்தால் வடிவத்தின் குணம் தெரியும். ஓவல் 1.35-லிருந்து 1.50 வரை கண்ணுக்கு இதமாக இருக்கும், அதற்குக் கீழே போனால் 'நசுங்கிய ரவுண்ட்' என்று யாராவது சொல்வார்கள். பியர் 1.50-லிருந்து 1.70 வரை. பியரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: முனையிலிருந்து நேர்கோடு இழுத்தால் இரண்டு தோளும் ஒரே அளவாக இருக்கிறதா? ஒரு தோள் சரிந்திருந்தால் மோதிரம் எப்போதும் கோணலாகப் போட்டது போலவே தெரியும், வளையத்தை எத்தனை முறை திருப்பினாலும் சரியாகாது.

நீளவாக்குக் கற்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வியாதி உண்டு. கல்லின் நடுவே குறுக்காக ஒரு கருநிழல் விழும், கடைக்காரர்கள் அதை 'போ டை' என்பார்கள். குனிந்து பார்ப்பவரின் தலையே வெளிச்சத்தை மறைப்பதால், அந்தப் பகுதிப் பட்டைகளுக்குத் திருப்பி அனுப்ப ஒளி கிடைக்காமல் வருவது. லேசாக இருந்தால் குற்றமில்லை, கல்லுக்கு ஒரு ஆழம் கொடுக்கும். கையை ஆட்டினாலும் அசையாமல் கறுப்பாகவே நின்றால் வேண்டாம். இது எந்தச் சான்றிதழிலும் வராது, ஷோரூம் ஸ்பாட்லைட்டிலும் தெரியாது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் எந்தக் கடையில் பார்த்தாலும் கல்லை டிரேயோடு வாசல் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். வெயில் நேரே விழாத நிழலில், முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பிறகு கிட்டே கொண்டுவந்து பாருங்கள். ஒரு கல்லை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. ஒரே அளவில் மூன்று ஓவல் கேளுங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் சொல்லித்தராமலே எது செத்த கல் என்று தெரிந்துவிடும். ஒரு கல்தான் கையிருப்பு என்றால் சூரத்திலிருந்து வரவழைக்கச் சொல்லலாம், வியாபாரிகளுக்கு அது வழக்கமான வேலை.

அப்பாயி விஷயத்துக்கு வருவோம். காகபாதம், புள்ளி, கீற்று என்று ரத்தின சாத்திரம் சொன்ன குற்றங்களை இன்றைய சான்றிதழ் கிரிஸ்டல், பின்பாயிண்ட், ஃபெதர் என்று எழுதுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குறை எல்லா வைரத்திலும் ஏதோ ஒன்று இருக்கும், அது இயற்கைக் கல்லின் இயல்பு. உள்குறையின் அளவைச் சொல்லும் தெளிவுத் தரத்தில் வி.எஸ்.2 உள்ள ஓவலோ பியரோ எடுத்தால் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது, அப்பாயி நிம்மதியாக இருக்கலாம். அதற்கு அடுத்த படியான எஸ்.ஐ.1-லும் சுத்தமாகத் தெரியும் கல் உண்டு, ஆனால் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பார்த்து, மேல்தட்டுப் பட்டைக்கு நேர் கீழே கறுப்புக் கிரிஸ்டல் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எடுக்க வேண்டும். கிரிஸ்டல் என்று எழுதியிருந்தால் வெள்ளையாகவும் இருக்கலாம், கறுப்பாகவும் இருக்கலாம், காகிதம் அதைச் சொல்லாது. எனக்குக் கரும்புள்ளியைவிட ஃபெதர்தான் பயம். அது உள்விரிசல். நடுவில் இருக்கும் சின்னப் புள்ளி கல்லை உடைக்காது. பியரின் முனைக்குப் பக்கத்தில் ஓடும் விரிசல் உடைக்கும், பத்தர் கல்லைக் கட்டி அழுத்தும்போதே தெறித்த கதைகள் உண்டு. பியர் எடுப்பதாக இருந்தால் லூப்பை முதலில் வைக்க வேண்டியது அந்த முனையில்.

நிறத்தைப் பற்றி. வீட்டுப் பெரியவர்கள் "ப்ளூ ஜாகரா?" என்று கேட்பார்கள். அது பழைய வியாபாரப் பேச்சு, ஆய்வகச் சான்றிதழில் அப்படி ஒரு தரம் கிடையாது. அங்கே டி-யில் தொடங்கி இசட் வரை எழுத்துதான். நீளவாக்குக் கற்கள் நுனியில் மஞ்சளைத் தேக்கி வைத்துக் காட்டும், முக்கியமாக பியர். மஞ்சள் தங்கத்தில் கட்டப் போகிறீர்கள் என்றால் ஜி, எச் தாராளம். டி, ஈ-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தங்கத்தின் சாயலில் அடிபட்டுப் போகும். அந்தப் பணத்தைக் கட்டிங் நன்றாக உள்ள கல்லில் போடுங்கள். எடையிலும் 50 செண்ட் என்ற வட்ட எண்ணை விட்டுவிடுங்கள். 50-ஐத் தொட்டதும் செண்ட் விலையே அடுத்த படிக்கு ஏறும், 46-க்கும் 50-க்கும் விட்டத்தில் வித்தியாசம் மி.மீ.யில் பத்தில் ஒன்றோ இரண்டோதான்.

கட்டும் முறைதான் உங்கள் விஷயத்தில் பாதி. நம் பக்கம் ஏழுகல் தோடு, பேசரி எல்லாம் பின்புறம் மூடிக் கட்டிப் பழகியவை. காதுக்கும் மூக்குக்கும் அது சரி. நாள் முழுக்கத் தண்ணீரில் நனையும் விரலுக்கு ஆகாது. மூடிய அறைக்குள் சோப்பு போய் அடைந்தால் வெளியே வராது, கல் மங்கிப்போகும், "வைரம் ஒளி இழந்துவிட்டது" என்று வீட்டில் சகுனம் பார்க்க ஆரம்பிப்பார்கள். வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப் பசை விடாமல் ஒட்டும், சுரங்கத்திலேயே கிரீஸ் தடவிய பலகையில் ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே அடி திறந்திருக்க வேண்டும். மேலே கொக்கிக்குப் பதில் கல்லின் ஓரம் முழுதும் தங்கத் தகட்டால் சுற்றிக் கட்டும் பெசல் முறையைச் சொல்லுங்கள். கிளவுஸில் மாட்ட எதுவும் இருக்காது, நிச்சயத்தன்று திருபுவனம் பட்டின் சரிகை நூலும் இழுபடாது. கல்லின் மேல்தட்டு விரலிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் எழும்பாதபடி தாழ்வாக அமைக்கச் சொல்லுங்கள், அதேசமயம் கல்லின் அடிமுனை விரல் தோலில் உரசக் கூடாது.

பியர் மேல் அவருக்கு உண்மையிலேயே ஆசை என்றால், அதைக் கொக்கியில் கட்டாமல் பெசலில் கட்டினால் தாராளமாகப் போடலாம். முனையைத் தங்கம் முழுதாக மூடிவிடும், அம்மா பயப்படும் கூர்முனை வெளியே தெரியாது, முனையில் சேரும் மஞ்சளும் மறையும். கல் சற்றுச் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான் நஷ்டம். போடும்போது முனை நகத்தைப் பார்த்து இருப்பதுதான் வழக்கம். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் ஓவல் என்பேன். முனை கிடையாது, பெசலுக்கு அழகாக உட்காரும், உருண்டைக் கல் கேட்ட அம்மாவுக்கும் நீளக்கல் கேட்ட பெண்ணுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் போட்டுக்கொள்ளப் போகிறவர் அவர். ஒரு விடுமுறை நாளில் அவரை வரவழைத்து இரண்டையும் விரலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்ப்ரைஸ் கொடுக்க மோதிரம் ஏற்ற பொருள் இல்லை.

தங்கம் 18 கேரட், 750 முத்திரை. வீட்டில் 22 கேரட்டுக்காக ஒரு சண்டை வரும். 22-ல் கல்லைப் பிடிக்கும் தகடு மெத்தென்று இருக்கும், நாளடைவில் விலகிக் கல் ஆடும். வெள்ளைத் தங்கம் வேண்டாம் என்பது என் கட்சி: மேலே பூசிய ரோடியம் அடிக்கடி கழுவும் கையில் சீக்கிரம் தேய்ந்து, மறுபடி மறுபடி பூச வேண்டிவரும்.

பெசலில் ஒரு சிக்கல் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் எண்ணைக் கல்லின் இடுப்பு ஓரத்தில் லேசரால் பொடியெழுத்தில் பொறித்திருப்பார்கள். பெசல் கட்டியதும் அது தங்கத்துக்குள் மறைந்துவிடும். சின்னக் கற்களுக்கான சான்றிதழில் குறைகளின் வரைபடமும் பெரும்பாலும் இருக்காது. அதனால் கல் தனியாக இருக்கும்போதே லூப்பில் அந்த எண்ணைப் படித்துச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள், சான்றிதழ் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்திலும் போட்டுப் பாருங்கள். கட்டி முடித்து வாங்கும்போது நீளம், அகலம், உள்ளே இருக்கும் குறையின் இடம் மூன்றையும் மறுபடி பாருங்கள். டெஸ்டர் பேனாவை வைத்து "பீப்" காட்டினால் அசந்துவிடாதீர்கள். சாதாரண வெப்ப டெஸ்டர் ஆய்வகத்தில் வளர்த்த லேப் வைரத்துக்கும் ஒலிக்கும், வைரம் போலத் தோன்றும் வேறு கல்லான மோய்சனைட்டுக்கும் ஒலிக்கும்.

பில்லில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். 47 செண்ட் என்பது 0.094 கிராம். மோதிரம் 3.594 கிராம் என்றால் தங்கத்துக்கு 3.500 கிராம்தான் காசு. வைரத்தைத் தங்க விலைக்கும் ஒருமுறை, வைர விலைக்கும் ஒருமுறை எடை போடக் கூடாது. சேதாரமும் செய்கூலியும் அந்த நிகர எடைக்குத்தான். வளையத்தின் உட்புறம் பி.ஐ.எஸ். ஹால்மார்க் முத்திரையும், அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடும் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

விரல் அளவை நூல் சுற்றி எடுக்க வேண்டாம், நூல் இழுபடும். அவர் அதே விரலில் போடும் வேறொரு மோதிரத்தின் உள்விட்டத்தை வெர்னியரில் அளப்பது நல்லது. இல்லாவிட்டால் கடையின் அளவு வளையத்தை மாலை நேரத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். மார்கழிக் காலையில் விரல் சுருங்கியிருக்கும், அந்த அளவில் செய்தால் சித்திரையில் கழற்ற சோப்பு தேட வேண்டும். முட்டியைத் தாண்டும்போது சற்றே பிடித்து, தாண்டியபின் தளர்வாக நிற்பதுதான் சரியான அளவு. வளையத்தில் கல் பதிக்காமல் வெறுமனே விட்டால் பின்னால் ஓரிரு அளவு கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆர்டரை நிச்சயத்துக்கு ஆறு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். தை முகூர்த்தங்களுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், அவசரத்தில் கட்டும் பெசலில்தான் தகடு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் நிற்கும்.

வாங்கியபின் பராமரிப்பு அதிகமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு 20 நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் அடிப்புறமும் தேய்த்தால் போதும். கிண்ணத்தில் செய்யுங்கள், குழாயடியில் வேண்டாம். நலங்கு மஞ்சள், சந்தனம் பூசும் அன்று கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கலகலவென்று சின்ன ஒலி கேட்டால் தகடு தளர்ந்துவிட்டது, அன்றைக்கே பத்தரிடம் கொடுத்து அழுத்தி வாங்குங்கள், அதுவரை டியூட்டிக்குப் போட்டுப் போக வேண்டாம்.